மூன்றாம் கட்டியம்

"நாற்பத்தோரு வருஷமா 'வாறார், வாறார்'னு சொல்லுதேன் அம்மா. ஒரு தடவைகூட வாறதைப் பாத்ததில்லை."

மதலைமுத்து இதைச் சொன்னபோது மலையம்மா பால் கறக்க உட்கார்ந்திருந்தாள்.

அவள் திரும்பவில்லை. ஆடு திரும்பிப் பார்த்தது.

சீடருக்கு வயது அறுபத்தெட்டு. குருவுக்கு முப்பத்தொன்பது. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை, மதலைமுத்துவின் முழங்காலைத் தவிர. கருங்குன்றின் உச்சிக்கு இருநூற்றுப் பதினாறு படிகள். கைப்பிடி கிடையாது.

மலையம்மாவுக்கு மடத்தில் வைத்த பெயர் சிஸ்டர் எமரன்சியா. எட்டு வருஷம் கன்னியர் மடத்தில் இருந்தவள், ஒருநாள் உத்தரவு வாங்கிக்கொண்டு குன்றின் உச்சிக்கு வந்து, மாதா சொரூபம் வைத்த கல் குகையான கெபியை ஒட்டி ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். கூட இரண்டு ஆடுகள். மூன்று மாதத்தில் இறங்கிவிடுவாள் என்று கீழே பந்தயம் கட்டினார்கள். பந்தயம் கட்டியவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள்.

அவள் அதிகம் பேசமாட்டாள். ஒரு தவக்காலம் முழுவதற்கும் அவள் பேசியது ஏழே வார்த்தைகள் என்றும், அதிலும் நாலு வார்த்தை ஆட்டிடம் என்றும் சொல்வார்கள்.

மதலைமுத்து சீடரானதற்குக் காரணமும் ஆடுதான். ஊர் நாடகத்தில் தீர்க்கதரிசிகள் கட்டிக்கொள்ளும் பனந்தும்புத் தாடி ஒன்றை அவர் குன்றின் அடிவாரப் பாறையில் காயப்போட்டிருந்தார். ஆடு அதைத் தின்றுவிட்டது. சண்டை போடத்தான் அவர் முதன்முதலாகப் படியேறினார்.

மலையம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு கத்திரிக்கோலை எடுத்து, ஆட்டின் தாடியைக் கத்தரித்து அவர் கையில் கொடுத்தாள்.

அந்த வருஷம் தீர்க்கதரிசியின் தாடியைப் போல ஒரு தாடியை ஊர் பார்த்ததில்லை. மறுநாளே மதலைமுத்து மறுபடி படியேறினார், இந்தத் தடவை சண்டைக்கு இல்லை.

அது ஆறு வருஷத்துக்கு முன்பு.

*

கருங்குன்றுப்பட்டியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் திருவருகைக் காலம். மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கு ஒன்றாக நாலு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பட்டியில் அதையும் செய்வார்கள், நாலாம் ஞாயிறு வாசாப்பும் போடுவார்கள். வாசாப்பு என்றால் பாட்டும் வசனமுமாக நடிக்கிற வேத நாடகம்.

முன்பெல்லாம் அது ராத்திரியில் நடந்தது. ராத்திரியில் கள்ளுக்கடையும் திறந்திருந்தது. ஆகவே ஒரு பங்குச் சாமியார் வாசாப்பைப் பகல் மூன்று மணிக்கு மாற்றினார். கள்ளுக்கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். அவரும் கடையை இரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டார்.

கோவில் வாசற்படிக்கு முன்னால் மேடை. ஜனங்கள் கோவிலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தீர்க்கதரிசிகள் ஒவ்வொருவராக வந்து பாடுவார்கள். வெட்டிப்போட்ட மரத்தின் தூரில் தளிர் விடும் என்பார் ஒருவர். ஒரு கன்னிப்பெண் பிள்ளை பெறுவாள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு சின்ன ஊரிலிருந்துதான் ராஜா வருவார் என்பார். அந்த இடத்தில் பட்டி ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள், தங்கள் ஊரைத்தான் சொல்கிறார் என்று.

எல்லாரும் பாடி முடித்த பிறகு கட்டியக்காரன் வருவான். ராஜாவுக்கு முன்னால் வந்து, ராஜா வருகிறார் என்று சொல்கிறவன். கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி.

அவன் ஜனங்களைப் பார்த்து நின்று மூன்று தடவை கட்டியம் கூறுவான். முதல் கட்டியத்துக்கு, அவன் முதுகுக்குப் பின்னால் கோவில் கதவு திறக்கும். இரண்டாம் கட்டியத்துக்கு, பாலகனைத் தூக்கிக்கொண்டு மாதா வாசலில் வந்து நிற்பாள். மூன்றாம் கட்டியத்தைச் சொன்ன உடனே கட்டியக்காரன் குப்புற விழுந்து நெற்றியைப் பலகையில் வைத்துவிட வேண்டும். பாலகன் அவனைக் கடந்து போய், தொழுவத்தில் கிடத்தப்பட்டு, மணி அடித்த பிறகுதான் எழுந்திருக்கலாம்.

அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. மேடையில் நின்று பார்த்தாலும் சரி, கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் சரி, பாலகன் வருவதைக் கண்ட கட்டியக்காரன் தடியைக் கொடுத்துவிட வேண்டும். திரும்ப வாங்க முடியாது. வாசாப்பைக் கட்டின முதல் அண்ணாவியார், அதாவது நாடக வாத்தியார், வைத்த சட்டம் அது. ஏன் வைத்தார் என்று கேட்கலாம் என்றால் அவர் செத்து நூற்றிருபது வருஷம் ஆகிறது.

ஆகவே, வந்து படுத்திருக்கிற பாலகனை மதலைமுத்து நாற்பத்தோரு தடவை பார்த்திருக்கிறார்.

வருகிற பாலகனை ஒரு தடவைகூட இல்லை.

*

பாலகன் பொம்மை அல்ல. அந்த ஊரில் கடைசியாக ஞானஸ்நானம் பெற்றது எந்தப் பிள்ளையோ அதுதான் பாலகன். பெற்றவள்தான் மாதா. இதுவும் முதல் அண்ணாவியாரின் சட்டம்.

சட்டம் என்று ஒன்று இருந்தால் அது என்ன பாடெல்லாம் படுத்தும் என்பதற்குப் பட்டியே சாட்சி.

ஒரு வருஷம் கடைசி ஞானஸ்நானம் இரட்டைப் பிள்ளைகளுக்கு. உலகத்துக்கெல்லாம் ஒரு மீட்பர் வந்தபோது கருங்குன்றுப்பட்டிக்கு மட்டும் இரண்டு பேர் வந்தார்கள்.

இன்னொரு வருஷம் சுடலைமுத்து. பனையேறி. வயது நாற்பத்திரண்டு. டிசம்பர் பத்தாம் தேதி ஞானஸ்நானம் பெற்று சூசைமுத்து ஆனார். அதற்குப் பிறகு ஊரில் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. நிறைமாதமாக இருந்த இரண்டு பெண்களிடம் ஊர்ப் பெரியவர்கள் போய்க் கேட்டுக்கூடப் பார்த்தார்களாம்.

சட்டம் சட்டம்தான். அவருடைய தாயார் உயிரோடு இல்லாததால் நாலு பேர் தூக்கினார்கள். வெள்ளைத் துணியில் நன்றாகத்தான் சுற்றியிருந்தது, மீசையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொழுவத்தில் கிடத்தியபோது கால் இரண்டும் வெளியே ரொம்ப தூரம் நீண்டிருந்தன. மூன்று ராஜாக்கள் அதைத் தாண்டித்தான் காணிக்கை வைக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் பறந்துபோய், பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தன.

சூசைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. பிறந்த பிள்ளை எப்படிக் கிடக்குமோ அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

அவரைத் தூக்கி வந்ததையும் மதலைமுத்து பார்க்கவில்லை. பலகையில் மூக்கை வைத்துக்கொண்டு சிரிப்பை மட்டும் கேட்டார்.

அது போகட்டும்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாலாம் ஞாயிறு. கடைசி ஞானஸ்நானம் அவருடைய மகள் பிலோமிக்கு. மாதா, அவர் மனைவி செசிலி.

அன்றைக்கு முதல் கட்டியம் சொன்னார். இரண்டாம் கட்டியம் சொன்னார். மூன்றாம் கட்டியம் வரவில்லை. அவர் பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றார். இருபது எண்ணுகிற நேரம் என்றார்கள் சிலர், ஐம்பது என்றார்கள் சிலர். பிறகுதான் குரல் வந்தது, அதுவும் கட்டைக் குரலாக.

பெற்ற பிள்ளை வந்ததும் அப்பனுக்கு வசனம் மறந்துவிட்டது என்று ஊர் பல வருஷம் கேலி செய்தது. தொண்டையில் தூசி என்றார் அவர். செசிலியிடமும் அதையேதான் சொன்னார். எத்தனையோ வருஷம் அதையே சொன்னதில் அவருக்கும் அது தூசியாகவே ஆகிவிட்டது.

பலகையில் கிடந்தபோது செசிலியின் கொலுசு அவர் இடது காதை ஒட்டிக் கடந்து போயிற்று. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது.

எப்படி இருந்தது என்று பின்னால் அவளிடம் கேட்டிருக்கிறார். படி தடுக்கிவிடக் கூடாதே என்று படியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன், எனக்கென்ன தெரியும் என்றாள் அவள். வருஷம் தவறாமல் கேட்டார். வருஷம் தவறாமல் அவளும் படியைத்தான் சொன்னாள்.

செசிலி போய் நாலு வருஷம் ஆயிற்று.

*

"கண் டாக்டர் கையை விரிச்சிட்டாரு அம்மா," என்றார் மதலைமுத்து.

மலையம்மா பாலை வடிகட்டினாள்.

கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறதாம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார் டவுன் டாக்டர். இதை மதலைமுத்து வெகுநேரம் சொன்னார். டாக்டரின் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் கண்ணைப் பற்றிக்கூடச் சொன்னார்.

"இந்த வருஷம் பாக்கலைன்னா இனிமே இல்லை. பாத்தா தடி போயிரும். தடி இல்லாம ஊருக்குள்ள நான் யாரு?"

மலையம்மா வடிகட்டின துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

அவருக்குக் கோபம் வந்தது. தீர்க்கதரிசிகளை இழுத்தார். மரத்தூரில் தளிர் விடும் என்று சொன்னவர் தளிரைப் பார்த்தாரா? சின்ன ஊரைச் சொன்னவர் அந்த ஊருக்கு ஒரு நடை போய் எட்டிப் பார்த்தாரா? எல்லாரும் சொல்லிவிட்டுச் செத்துப்போனார்கள். அவர்களுக்காவது பேர் கிடைத்தது. தனக்கு மூக்கில் தழும்புதான் என்று காட்டினார். நிஜமாகவே ஒரு தழும்பு இருந்தது.

"அதுவும் அவர் வந்து ரெண்டாயிரம் வருஷம் ஆயிருச்சு. வந்தவரையே வாறார் வாறார்னு எத்தனை நாளைக்குச் சொல்ல? சொல்லச் சொன்னவன் யாரு, பாக்காதேன்னு சொன்னவன் யாரு?"

மலையம்மா பால் செம்பை மூடினாள்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னால வாங்க ஐயா."

"எதுக்கு?"

"சூரியன் உதிக்கிறதைக் காட்டறேன்."

அறுபத்தெட்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

*

மறுநாள் இருள் பிரிவதற்கு முன்னால் இருநூற்றுப் பதினாறு படிகளும் ஏறி வந்து நின்றார்.

மலையம்மா அவரைப் பாறையின் நடுவில் நிறுத்தினாள். தோளைப் பிடித்து அவரை அப்படியே திருப்பினாள், மேற்குப் பக்கமாக.

"கிழக்கு அந்தப் பக்கம் அம்மா."

"தெரியும். திரும்பக் கூடாது."

"பின்ன உதிக்கிறதை எப்படிப் பாக்க?"

"பாருங்க."

சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்கப் போய்விட்டாள்.

மதலைமுத்து நின்றார். மார்கழிக் குளிரில் பல் கிட்டியது. எதிரே ஒன்றும் இல்லை, கன்னங்கரேலென்று மேற்கு மலை. இங்கேயும் முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டுமா என்று அவருக்கு ஆத்திரமாக இருந்தது. மேடைக்குத்தான் சட்டம், சூரியனுக்கும் சட்டமா?

திரும்பிவிடலாமா என்று நினைத்தார். ஆடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மலையம்மா வந்தாள்.

"உதிச்சுதா?"

"உதிச்சுது."

"பாத்தீங்களா?"

"எங்க பாக்க? நீங்கதான் திரும்பக் கூடாதுன்னுட்டீங்களே."

"பாக்காம உதிச்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

இதென்ன கேள்வி என்றார் அவர். முதலில் மேற்கு மலையின் உச்சி ஒன்று மட்டும் சிவந்தது. பிறகு பக்கத்து உச்சி. அப்புறம் வெளிச்சம் மலைச் சரிவில் இறங்கி வந்தது. காட்டுக்கு வந்தது. பனைத் தலைகளுக்கு வந்தது. குளத்துக்கு வந்தது. கோவில் கோபுரத்துச் சிலுவைக்கு வந்தது. கடைசியில் தன் நிழல் காலடியிலிருந்து புறப்பட்டு அரை மைல் நீளத்துக்குப் போய் விழுந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரல் நீட்டி நீட்டிச் சொன்னார்.

"கஞ்சி ஆறுது," என்றாள் மலையம்மா.

அவர் குடித்தார். கோபம் இன்னும் போகவில்லை. காணப்பயறுத் துவையல் நன்றாக இருந்ததும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"இப்போ நான் என்ன செய்ய? அதைச் சொல்லுங்க."

"போய்ப் பாருங்க."

"தடி?"

"குடுத்திருங்க."

அவர் எதிர்பார்த்தது இது இல்லை. வேண்டாம் என்பாள், பொறுமையைப் பற்றி ஏதாவது சொல்வாள், பழைய தீர்க்கதரிசிகளைக் காட்டிச் சமாதானம் சொல்வாள், மறுத்துப் பேசலாம் என்று வந்திருந்தார்.

"அவ்வளவுதானா?"

மலையம்மா கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"முன் வரிசையில உக்காருங்க."

*

மதலைமுத்து தடியைக் கொடுக்கப்போகிறார் என்ற செய்தி குன்றிலிருந்து அவர் இறங்குவதற்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. ஆட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஊர் வந்து கெஞ்சியது. பங்குச் சாமியார் வந்தார். சூசைமுத்து வந்தார், மீசை நரைத்திருந்தது. நீர் சொல்லி நான் பிறந்தவன் வே என்றார். பிலோமி கோவில்பட்டியிலிருந்து போன் செய்து, நீங்க பாருங்கப்பா, ஊரு கிடக்கு என்றாள். அவள் ஒருத்திதான் அப்படிச் சொன்னாள்.

புதுக் கட்டியக்காரராகக் கண்டக்டர் கஸ்பாரைப் பிடித்தார்கள். இருபது வருஷமாக டவுன் பஸ்ஸில் ஓடுகிறவர். ஆலங்குளத்தில் நின்று விசில் அடித்தால் தென்காசியில் பஸ் கிளம்பிவிடும் என்று அவரே சொல்லிக்கொள்வார். குரலுக்குக் குறைவில்லை. ஒத்திகையில்தான் இரண்டாம் கட்டியத்தோடு "படியில நிக்காதீங்க" என்பதும் தன்னால் வந்துவிட்டது. மாதா படியில்தான் நிற்க வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னார்கள்.

நாலாம் ஞாயிறு பகல். மேடைக்குப் பின்னால் மதலைமுத்து தடியை நீட்டினார். கஸ்பார் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"விடும் வே."

"விட்டுட்டேன்."

"விரலு விடலியே."

மதலைமுத்து குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்.

*

முன் வரிசையில், நட்ட நடுவில், பங்குச் சாமியாருக்கு அடுத்த நாற்காலி. முன்னால் மேடை. மேடைக்குப் பின்னால் ஐந்து படி. அதற்கு மேல் மூடிய கதவு. மறைக்க ஒன்றும் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லாதது என்னவோ போல இருந்தது. கைகளை மடியில் வைத்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

தீர்க்கதரிசிகள் வந்தார்கள். மரத்தூரைப் பாடுகிறவருக்கு ஆட்டுத்தாடி அரித்தது, பாட்டுக்கு நடுவில் இரண்டு தடவை சொரிந்துகொண்டார். சின்ன ஊர் வந்தபோது எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். மதலைமுத்துவும் எழுந்தார். மேடைக்குப் பின்னால் நின்றே இத்தனை வருஷமும் அந்தக் கைதட்டலைக் கேட்டவர், தாமே தட்டுவது இதுதான் முதல் தடவை.

கஸ்பார் வந்து நின்றார். தலைப்பாகை கொஞ்சம் பெரிது.

"முன்னோர் சொன்னவர், மூத்தோர் காணாதவர், இந்தா வாறார், பராக்."

கதவு திறந்தது.

மதலைமுத்து நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். உள்ளே இருட்டு. இருட்டுக்குள் எங்கேயோ ஒரு மெழுகுவர்த்தி.

"முன்னோர் சொன்னவர், மூத்தோர் காணாதவர், இந்தா வாறார், பராக்."

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆட்டோ ஓட்டுகிற இஞ்ஞாசியின் மனைவி, பெயர் ஜெயராணி. நீலச் சேலை. கையில் வெள்ளைத் துணி மூட்டை. மூட்டைக்குள்ளிருந்து கம்பளித் தொப்பி ஒன்று தெரிந்தது. தொப்பிக்குக் கீழே ஒரு சின்ன வாய், கொட்டாவி விட்டது.

அவள் படியைப் பார்த்தாள். தடுக்கிவிடக் கூடாதே என்று பயம். ஒரு படி இறங்கினாள்.

இதுதான்.

மதலைமுத்து பார்த்தார். நன்றாகவே தெரிந்தது. நாற்பத்தோரு வருஷம் கேட்டுக் கேட்டுக் கிடந்தது இதைத்தான். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை அழகாகவே இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் பிடரியில் என்னவோ குறுகுறுத்தது.

என்னவோ விட்டுப்போயிருந்தது. இந்த நேரத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை. தடியா? தடி இல்லை. இந்த நேரத்தில் அவர் பார்க்கிற ஒன்று. இரண்டாம் கட்டியம் சொல்லி வாயை மூடினதும் முதலில் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் முகவாய் மேலே போகும். பிறகு பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து வாய்க்குக் கொண்டு போவார்கள். பிறகு வரிசை வரிசையாக அது பின்னால் போகும், வயலில் காற்றுப் போகிற மாதிரி. கடைசியில் வேப்பமரத்தடியில் நிற்கிற, கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்த ஆசாமிகளுக்கு வந்து சேரும். அவர்கள் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். சூசைமுத்து வந்த வருஷம் அது சிரிப்பாகப் போயிற்று. இரட்டைப் பிள்ளைகள் வந்த வருஷம் இரண்டு தடவை போயிற்று.

பிலோமி வந்த வருஷம்.

கொடிமரத்துக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா சவுரியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆடி மாதம்தான் அவள் தன் ஒற்றை மகனை மண்ணில் வைத்தாள். அதிலிருந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை, குனிந்த தலை குனிந்தபடி. ஊர் வாய்க்குப் பயந்து அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் கட்டியம் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் செசிலி பிள்ளையோடு வாசலில் வந்து நின்றிருப்பாள். அக்காவின் தலை மெதுவாக நிமிர்ந்தது. அப்புறம் அவள் முகத்தில்...

தூசி இல்லை. தொண்டையில் அன்றைக்குத் தூசி இல்லை.

மதலைமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். கைப்பிடியைப் பிடித்து அதை அரை வட்டமாகத் திருப்பிப் போட்டார். மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முதல் இரண்டு வரிசைகள்தான் அவர் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தன, அதற்கு அப்பால் கலங்கல். ஆனால் பிள்ளைகளின் முகவாய்கள் மேலே போயிருந்தன. சேலைத் தலைப்புகள் எழுந்தன. அது அவரைத் தாண்டி, கலங்கலுக்குள், வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் வேப்பமரத்தடியில் வெள்ளையாக என்னவோ அவிழ்ந்தது.

அந்த மரத்தடியில்தான் மலையம்மாவும் நின்றிருந்தாள் என்று பின்னால் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாசாப்புக்கு இறங்கி வந்தது அன்றைக்குத்தான். ஆட்டையும் கூட்டி வந்திருந்தாள்.

மேடையில் கஸ்பார் மூன்றாம் கட்டியத்துக்கு மூச்சை இழுத்தார்.

பங்குச் சாமியார் மதலைமுத்துவின் தோளைத் தொட்டார். இரண்டாம் வரிசையிலிருந்து சூசைமுத்து எட்டி அவர் முழங்காலில் தட்டினார்.

"என்ன வே, உமக்கென்ன கிறுக்கா? ராஜா அங்கன வாறாரு. நீரு எங்கன பாக்கீரு?"

மதலைமுத்து சூசைமுத்துவின் முகத்தை உற்றுப் பார்த்தார். நரைத்த மீசைக்கு மேலே கண் இரண்டும் நனைந்திருந்தன. அது சூசைமுத்துவுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

"வாறதைத்தான் பாக்கேன்," என்றார் மதலைமுத்து.